நாகைப் படகுப் பட்டறை வார்க்கும் ‘கிட்’ மூக்கு: கறுப்புக் காருக்குத் தாங்குமா?

‘நைட் ரைடர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வந்த ‘கிட்’ என்னும் கறுப்புக் காரை வீட்டுக் கொட்டகையில் உருவாக்க நினைப்பவருக்குக் காவிரி டெல்டாவில் முதல் தடை வண்டியே. 1982 முதல் 1986 வரை ஓடிய அந்தத் தொடரில் வந்தது 1982 மாடல் பொன்டியாக் ஃபயர்பேர்ட் டிரான்ஸ் ஆம். சல்லடை போட்டுத் தேடினாலும் இங்கே அது அகப்படாது. கைக்கு எட்டுவது பழைய இந்துஸ்தான் கான்டெசாதான்: ரியர் வீல் டிரைவ், நீளமான போனட், கனமான தகடு. முன் சக்கர அச்சிலிருந்து பின் சக்கர அச்சுக்கு கான்டெசா 2,667 மி.மீ., ஃபயர்பேர்ட் 2,565 மி.மீ.; வித்தியாசம் நாலு அங்குலம். ஆனால் ஃபயர்பேர்டுக்கு இரண்டே கதவு, கூரை தாழ்வு, அகலம் ஏறக்குறைய அரை அடி கூட. பக்கவாட்டில் பார்த்தால் எவ்வளவு செலவழித்தாலும் கான்டெசா கான்டெசாதான். முன்னால் நின்று பார்க்கும்போதுதான் ‘கிட்’ ஆகும். அதனால் முழு வேலையும் மூக்கில் இருக்கிறது. நாகை, காரைக்கால் கரையோரப் படகுப் பட்டறைகளில் ஆர்டர் கொடுத்து வாங்கும் ஃபைபர் மூக்கைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு.

அமெரிக்காவில் விற்கும் ரெப்ளிகா மூக்கு ஃபயர்பேர்டின் ஃபெண்டருக்கு அளவெடுத்தது. கப்பல் கூலியும் வரியும் கட்டி இறக்கினாலும் கான்டெசாவில் உட்காராது. டிங்கரிங் பட்டறையில் தகட்டில் அடிக்கச் சொன்னால் அந்தக் கூர்மையான மடிப்பு வராது; வருவதெல்லாம் மேலே அப்பும் பட்டியில் (புட்டி) தான் வரும், ஒரு வருஷத்தில் வெடிக்கும். மிச்சம் படகுக்காரர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு வேகமாகப் பெருகிய கரை இது. மேட் (கண்ணாடி நார்ப் பாய்) விரிப்பதிலும் ரோலரில் காற்றை ஓட்டுவதிலும் கை பழகியவர்கள் இங்கே இருக்கிறார்கள். உறுதியைப் பற்றிக் குறை சொல்ல வழியில்லை. அலையில் அடிபடுகிற பொருளைச் செய்கிறவர்களுக்கு ஒரு கார் மூக்கு பெரிய காரியமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். படகு வெள்ளையாகவோ நீலமாகவோ இருக்கும், கடலில் இருக்கும்போது அடியில் தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும். ‘கிட்’ கறுப்பு. மே மாதத் தஞ்சாவூர் வெயிலில் நிறுத்திய கறுப்புப் பரப்பு 70 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நாரைப் பிணைக்கும் சாதாரண ஜி.பி. ரெசின் (பிசின்) நன்றாக இறுகிய பிறகும் 60, 70 டிகிரிக்குள் இளக ஆரம்பிக்கிற வகை. கல் மாதிரி இருந்த மூக்கு மதியம் இரண்டு மணிக்கு விரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போகும். நடுப்பகுதி தொய்யும், போனட் இடைவெளி ஒரு பக்கம் விரியும். போதாததற்கு, மேட்டின் நாரும் ரோவிங் என்னும் நெய்த கண்ணாடி நார்த் துணியின் பின்னலும் பெயிண்டுக்கு மேலே கோரைப்பாய் மாதிரி தெரிய வரும். பெயிண்ட் சரியில்லை என்று பெயிண்டரிடம் சண்டைக்குப் போவார்கள், தவறு ரெசினில்.

ஆகவே பட்டறையில் பேசும்போது முதலில் பேச வேண்டியது விலையல்ல, ரெசின். ஐசோ ரெசின் என்று கேளுங்கள். வகையைப் பொறுத்து 90 டிகிரி அளவு வரை அது தாங்கும். படகுக்கு வைத்திருக்கும் டிரம்மிலிருந்து ஊற்ற விடாமல், ஐந்து கிலோ டப்பாவை நீங்களே வாங்கிக்கொண்டு போவது உத்தமம். இரண்டாவது, ரோவிங் வேண்டவே வேண்டாம். படகின் பலத்துக்கு (சதுர மீட்டருக்கு) 600 கிராம் ரோவிங் சரி, மூன்று மி.மீ. தோலில் அதன் கட்டம் கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரியும். அவர்கள் பழக்கத்தில் ஒரு அடுக்கு போட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும்.

கணக்கு இதுதான். கான்டெசா அகலத்துக்கு, பம்பருக்கு மேலும் கீழும் சேர்த்த மூக்கின் பரப்பு சுமார் ஒன்றரை சதுர மீட்டர். ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சுக்கு அடுத்து 300 கிராம் மேட் ஒன்று, அதன்மேல் 450 கிராம் மேட் இரண்டு. ஆக மேட் 1.8 கிலோ, வெட்டுச் சேதம் சேர்த்து இரண்டேகால் கிலோ வாங்கலாம். மேட்டின் எடையைப் போல இரண்டேகால் மடங்கு ரெசின் என்றால் நாலு கிலோ, ஐந்து வாங்குங்கள். ஜெல்கோட் ஒரு கிலோ. போல்ட் வரும் இடங்களில் மட்டும் கூடுதலாக இரண்டு அடுக்கு. முடிந்த பொருள் ஆறரை முதல் ஏழரை கிலோவுக்குள் இருக்க வேண்டும். பத்து கிலோ என்று தராசு காட்டினால் ரெசின் குடித்த பொருள்: கனமாக இருக்கும், நொறுங்கும். ஐந்துக்குக் கீழே போனால் எங்கோ மேட் விட்டுப்போயிருக்கிறது.

ரெசினை இறுக வைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட்டையும் கவனிக்க வேண்டும். நம் ஊர் சூட்டில் கிலோவுக்கு 10 மில்லி போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று 20 மில்லி ஊற்றினால் கை வைக்கிறதற்குள் வாளியிலேயே சூடேறிக் கட்டியாகும். மூக்கில் ஊற்றியிருந்தால் அந்தச் சூட்டில் சுருங்கி, இரண்டு நுனியும் உள்ளே வளையும். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்குகிற சரக்கு. நிதானமாக இறுகினால் சுருக்கம் அச்சுக்குள் அடங்கும். கோபால்ட் ஆக்ஸிலரேட்டர் தனியாக வரும் ரெசினானால், கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே அளவுக் குவளையை வைத்துக்கொள்ளவே கூடாது.

மாதிரி உருவத்தைப் பட்டறையில் செய்யச் சொல்வதைவிட வீட்டில் செய்து கொடுப்பது நல்லது. படகுக்காரர் கண்ணுக்கு இரண்டு மி.மீ. கோணல் கோணலே இல்லை. காருக்கு அது ஊர் சிரிக்கும் கோணல். 12 மி.மீ. பிளைவுட்டில் குறுக்கு வெட்டுகளை 15 செ.மீ. இடைவெளியில் நிறுத்தி, நடுவை நிரப்ப வேண்டும். தெர்மோகோலை அப்படியே வைத்து ரெசின் தடவினால் அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைச் சர்க்கரைப் பாகில் விழுந்த பஞ்சுமிட்டாய் போலக் கரைத்துவிடும். பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம் கரையாது. தெர்மோகோல்தான் கிடைக்கிறதென்றால் மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, காயவைத்து, சீலர் அடித்த பிறகே ரெசின். மேற்பரப்பை 600 வாட்டர் பேப்பர் வரை தேய்த்து, மோல்டு மெழுகு ஆறு கோட், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர இடைவெளி. கடைசியாக, ஒட்டாமல் பிரிய உதவும் பி.வி.ஏ. படலம் ஒரு கோட். அவசரத்தில் மெழுகைக் குறைத்தால் மூக்கும் மாதிரியும் ஒட்டிப் பிறந்த இரட்டையாகிவிடும். உளி வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இதன்மேல் எடுக்கும் அச்சு, மூக்கைப்போல இரண்டு மடங்கு தடிமனில், ஆறு மி.மீ.யாவது இருக்கட்டும். பின்னால் பிளைவுட் முட்டு வைக்கச் சொல்லுங்கள்.

மாசியிலிருந்து ஆனிக்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கரையோரக் காற்றிலுள்ள ஈரத்தை மேட் குடித்துவிடும். ரெசின் ஊற்றியதும் அங்கங்கே பால் கலந்ததுபோல வெள்ளையாக நிற்கும். அந்த இடத்தில் ரெசினுக்கும் நாருக்கும் பிடிப்பு இல்லை என்று அர்த்தம்.

பொருளை வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை மூன்று. மூன்றும் சேர்ந்து பத்து நிமிஷ வேலை. முதலில் ஒரு ரூபாய் நாணயத்தால் பரப்பு முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். தேங்காய் வாங்கத் தெரிந்தவருக்கு இது தெரியும்: கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் உள்ளே காற்று. மூலைகளிலும் மடிப்புகளிலும்தான் அதிகம் இருக்கும்; மேட் அந்தக் கூர்மைக்கு வளையாது. இரண்டாவது, பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஜெல்கோட் பக்கம் அரை நிமிஷம் தேய்க்க வேண்டும். பிசுபிசுத்தால் இறுகவில்லை. உள்பக்கம் லேசாக ஒட்டுவது வேறு விஷயம், காற்றுப் பட்ட ரெசின் அப்படித்தான் இருக்கும். கடைசிக் கோட்டில் மெழுகுக் கரைசல் சேர்த்திருந்தால் அதுவும் இராது. மூன்றாவது, விளிம்பில் வெர்னியர் வைத்து நாலு இடத்தில் தடிமன் பாருங்கள். இரண்டரையிலிருந்து மூன்றரை மி.மீ.க்குள் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அச்சிலிருந்து மறுநாளே பிடுங்கித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம், மூன்று நாள் கிடக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பெயிண்டுக்கு ஓட வேண்டாம். வண்டியில் மாட்டி, அல்லது மாட்டுகிற அதே புள்ளிகளில் மரச்சட்டத்தில் முடுக்கி, அச்சு மெழுகை எடுத்துவிட்டு (எப்படி என்று கீழே), கறுப்புப் பிரைமர் ஒரு கோட் அடித்து, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, இரண்டு முழு நாள் மொட்டைமாடி வெயிலில் வைக்க வேண்டும். உள்ளே 60 டிகிரிக்கு மேல் போகும், மிச்சமிருக்கிற இறுக்கமும் வந்துவிடும். வளைய வேண்டியது இப்போதே வளையும், தெரிய வேண்டிய நார் இப்போதே தெரியும். அதைத் தேய்த்துச் சரிசெய்த பிறகு அடிக்கும் பெயிண்ட் நிற்கும். இந்த இரண்டு நாளை மிச்சம் பிடித்தவர்கள் அடுத்த கோடையில் இரண்டாவது பெயிண்டுக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டியதுதான்.

மாட்டுவதற்கு முன் ரேடியேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் கிரில் இல்லாத வழவழப்பான முகம்தான் ‘கிட்’டின் அழகு. ஃபயர்பேர்ட் அடிவயிற்றால் மூச்சு வாங்குகிற வண்டி. பம்பருக்குக் கீழே இருக்கும் தடுப்பு காற்றை மேலே திருப்பி ரேடியேட்டருக்கு அனுப்பும். கான்டெசா கிரில் வழியாக மூச்சு வாங்குவது. கிரில்லை மூடி ஃபைபரைப் போட்டால் கும்பகோணத்திலிருந்து கிளம்பிய வண்டி மயிலாடுதுறை ரயில்வே கேட்டில் கொதிக்கும். மூக்கின் கீழ்ப்பக்கத்தில், ரேடியேட்டர் முகத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத திறப்பு வேண்டும். ரேடியேட்டரின் இரு பக்க இடைவெளியையும் ரப்பர் ஷீட்டால் அடைக்க வேண்டும், இல்லையென்றால் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்று கட்டாயம். கீழ்த்தடுப்பை ஃபைபரில் செய்ய விடாதீர்கள். வாய்க்கால் மதகு ஒவ்வொன்றிலும் உரசும், ஒரு மாதத்தில் பிளக்கும். லாரி மட்ஃப்ளாப் ரப்பரை வெட்டி 10 செ.மீ. தொங்கவிட்டால் உரசினாலும் மடங்கி நிமிரும்.

ஃபைபர் வெயிலில் தகட்டைவிட அதிகம் நீளும். 1.7 மீட்டர் அகலத்துக்கு ஒரு மி.மீ. வரை கணக்கில் வையுங்கள். நடு போல்ட்டை மட்டும் உருண்டைத் துளையில் இறுக்கி, மற்றவற்றுக்கு ஆறு மி.மீ. போல்ட்டுக்கு ஒன்பது மி.மீ. நீளத் துளை, அகல வாஷர், நடுவில் ரப்பர். எல்லாத் துளையையும் உருண்டையாகப் போட்டு முடுக்கினால் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் கிளம்பும். முகப்பு விளக்கை மோட்டார் வைத்துத் தூக்கும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. கான்டெசா விளக்கு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கண்காட்சிக்கு நிறுத்தும்போது மட்டும் காந்தத்தில் ஒட்டும் கறுப்பு மூடி போதும். காந்தம் பிடிக்க ஃபைபருக்குள் இரும்பு வாஷரை ரெசினில் புதைத்துவிடலாம்.

இவ்வளவும் அடியில் தகடு இருந்தால்தான். வயல் சேறும் உப்புக்காற்றும் கான்டெசாவின் கதவுக்கு அடியிலுள்ள ‘சில் பாக்ஸை’யும், ஃப்ளோரையும், முன் கண்ணாடி அடிச்சட்டத்தையும் தின்றிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, உள்ளே போகிற இடத்தையெல்லாம் வெட்டி எறிய வேண்டும். ஃப்ளோருக்கு 18 கேஜ், வெளித்தகட்டுக்கு 20 கேஜ். கேஸ் வெல்டிங் வெளித்தகட்டைச் சுருட்டும். மிக் வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையாகத் தேடி, விட்டுவிட்டுப் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். துருவின் மேல் ஃபைபர் மேட்டை ஒட்டி மூடுவது சில பட்டறைகளில் வாடிக்கை. உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டேயிருக்கும், இரண்டு மழையில் பெயர்ந்து வரும்.

பெயிண்டில் ஒன்றுதான் படகுப் பட்டறையோடு சம்பந்தப்பட்டது: அச்சு மெழுகு. அது ஜெல்கோட்டில் ஒட்டிக்கொண்டு வரும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகு எடுக்கும் கரைசல், அதற்கப்புறம்தான் வாட்டர் பேப்பர். முதலிலேயே தேய்த்தால் மெழுகைக் கீறலுக்குள் புதைத்த மாதிரி ஆகும், பெயிண்ட் மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகும். பட்டி இரண்டு மி.மீ.க்கு மேல் வேண்டாம். கறுப்பு எதையும் மறைக்காது. வெள்ளையில் தெரியாத அலை கறுப்பில் டியூப் லைட் வெளிச்சத்தில் பாம்பாக நெளியும். பி.யூ. பெயிண்டின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு அடிப்பது நுரையீரலை விற்பதற்குச் சமம். கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் காற்றோட்டமும் இல்லாமல் வீட்டில் அடிக்கவே வேண்டாம்.

‘கிட்’டின் மூக்கில் இங்குமங்கும் ஓடும் சிவப்பு ஸ்கேனர் விளக்குக்கு ஆன்லைனில் வரும் மலிவு எல்.இ.டி. பட்டை தேறாது. அது அணைந்து எரியும். ‘கிட்’டின் விளக்கு வால் விட்டுக்கொண்டு ஓடும். தொடரில் இருந்தது இழை பல்பு. மின்சாரம் நின்றதும் இழை மெல்ல ஆறுவதுதான் அந்த வால். எல்.இ.டி.யில் அதை நிரலில்தான் கொண்டுவர வேண்டும்: தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் டபிள்யூ.எஸ்.2812பி பட்டை, மீட்டருக்கு 60 விளக்கு வகை, 60 செ.மீ. நீளத்துக்கு 36 விளக்கு. நிரலை ஓட்ட ஆர்டுயினோ நானோ என்னும் சிறு மின்பலகை ஒன்று போதும். ஒவ்வொரு அடியிலும் பின்னால் விட்ட விளக்கின் ஒளியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால் வால் வரும். சிவப்பு மட்டும் எரிந்தால் விளக்குக்கு 20 மில்லி ஆம்பியர். மொத்தமும் எரிந்தாலும் முக்கால் ஆம்பியர்தான். 12 வோல்ட்டை 5 ஆக்கும் மூன்று ஆம்பியர் கன்வர்ட்டர், முன்னால் இரண்டு ஆம்பியர் ஃப்யூஸ், 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், டேட்டா கம்பியில் 470 ஓம். என்ஜின் ஓடும்போது லைனில் 14 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஸ்டார்ட் செய்கையில் துள்ளும், அந்தத் துள்ளலை அடக்கும் டி.வி.எஸ். டயோடு ஒன்று போடாவிட்டால் முதலில் சாவது நானோதான். முன்னால் மூன்று மி.மீ. புகைநிற அக்ரிலிக், போர்டு எழுதும் கடைகளில் லேசரில் வெட்டித் தருவார்கள்.

மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த விளக்கைப் போட்டுக்கொண்டு வீதியில் வரலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முன்பக்கம் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி 108. ஸ்கேனருக்குத் தனி சுவிட்ச் வைத்து, இக்னிஷன் ஓடும்போது எரியாதபடி ரிலேயில் கட்டிவிடுங்கள். நிறம் மாறினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சேஸிஸ், கூரை, கதவு எதையும் வெட்டாமல், போல்ட்டைக் கழற்றினால் பழைய முகம் திரும்புகிற மாதிரி செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய கிரில்லையும் பம்பரையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், எஃப்.சி.க்குப் போகும் நாளில் தேவைப்படும்.

டேஷ்போர்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதுவும் மூன்று மி.மீ. அக்ரிலிக்கும் எல்.இ.டி.யும்தான். விமான ஸ்டீயரிங் மாதிரியான அந்த அரை வளையத்தை மட்டும் மாட்ட வேண்டாம். பவர் ஸ்டீயரிங் இல்லாத கான்டெசாவைக் கும்பகோணத்துச் சந்தில் திருப்ப முழு வளையமே போதாது. காணாமல்போன எழுத்து, கைப்பிடி மூடி போன்ற சில்லறைகளுக்குச் சென்னை புதுப்பேட்டை போகலாம். அங்கேயும் இல்லையென்றால் சுவாமிமலை பக்கத்திலிருக்கிறது: மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, உருக்கி ஊற்றுகிற கைக்கு ஒரு கைப்பிடி மூடி எம்மாத்திரம். பித்தளையில் வார்த்து குரோம் பூசிக்கொள்ளலாம்.

மாட்டிய முதல் கோடையில் மாதம் ஒருமுறை மூக்கின் போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் அமுங்கித் தளரும். மார்கழிப் பனியில் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே ஈரம் நின்று புதுக் கறுப்பில் கொப்புளம் கட்டும். பருத்தித் துணி உறை வாங்கி, வெயில் ஏறியதும் தினமும் எடுத்துவிட வேண்டும்.